வல்லாரை மாதிரி படர்கிறது, ஆனால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும் இருக்கிறது: இது என்ன செடி?

ஓடைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைக்கு மேலே எங்கள் குடும்பத்துக்குப் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் மேற்கு ஓரத்தில் ஒரு சிற்றோடை. தாத்தா காலத்திலிருந்தே அந்த ஓடைக்கரையில் இருந்த பெரிய மரங்களை யாரும் வெட்டவில்லை. நடுப்பகலிலும் அங்கே வெயில் நேராக விழாது.

அந்த நிழலில் தரையோடு தரையாக ஒரு செடி படர்ந்திருக்கிறது. பார்த்தவுடன் வல்லாரை என்றுதான் தோன்றும். வேலைக்கு வருபவர்களும் காட்டு வல்லாரை என்றே சொல்கிறார்கள். துவையலுக்குப் பறிக்கட்டுமா என்று ஒரு அக்கா கேட்டார். எனக்குச் சந்தேகம் வந்து கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். காரணம், இதில் வெள்ளை வெளேரென்று பூ இருக்கிறது. இன்னொரு பக்கம் பட்டாணி அளவில் செக்கச்செவேலென்று பழம். வல்லாரையில் நான் இப்படிப் பார்த்ததே இல்லை.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இது என்ன செடி? சாப்பிடலாமா? மூன்றாவதுதான் அவசரம். பழைய ரப்பர் மரங்களை முறித்துவிட்டுப் புதிதாக நடப்போகிறோம். ஓடைக்கரையையும் சேர்த்துச் சுத்தம் செய்து, களைக்கொல்லி அடித்து, இன்னும் இரண்டு வரிசை கூடுதலாக நடலாம் என்கிறான் தம்பி. அந்த இடத்தை விட்டுவைக்கச் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் சும்மா ஆசையாக இருக்கிறது என்று சொன்னால் அவன் கேட்கமாட்டான்.

கணுவேர் எழுதியது:

வணக்கம் அம்மா. பறிக்க வேண்டாம் என்று சொன்னது நல்ல காரியம். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

ஒரு கணுவில் இலைகள் எப்படி இருக்கின்றன? எதிரெதிராக இரண்டு இரண்டாகவா, அல்லது ஒரே புள்ளியிலிருந்து மூன்று நான்கு இலைகள் கொத்தாகவா? அடுத்து, இலையின் விளிம்பில் சின்னச் சின்னப் பல் வெட்டு இருக்கிறதா, அல்லது வழவழவென்று ஒரே கோடாக ஓடுகிறதா?

ஓடைக்கரை எழுதியது:

இன்று காலை போய்ப் பார்த்தேன் சார். இலைகள் எதிரெதிராக ஜோடியாகத்தான் இருக்கின்றன. விளிம்பில் வெட்டு எதுவும் இல்லை, வழவழப்பாக இருக்கிறது. பூவில் ஐந்து இதழ், ஒன்றில் மட்டும் ஆறு. பூவுக்கு அடியில் மெல்லிய குழாய் மாதிரி இருக்கிறது. பழத்தின் உச்சியில் சின்னதாகப் பச்சை முடிகள் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருக்கிறது.

கணுவேர் எழுதியது:

இவ்வளவு கவனமாகப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் சொன்னதை வைத்தே உறுதியாகச் சொல்லலாம். இது வல்லாரை இல்லை. வல்லாரைக்குச் சொந்தமும் இல்லை. இதன் பெயர் ஜியோஃபிலா ரெப்பென்ஸ். காப்பிச் செடியின் குடும்பமான ரூபியேசியைச் சேர்ந்தது. வெட்சி, நுணா, சாயவேர் எடுக்கும் இம்பூறல், கொய்னா தந்த சின்கோனா எல்லாம் இதே குடும்பம்தான். பூக்கும் தாவரங்களில் நான்காவது பெரிய குடும்பம், 13,000-க்கும் மேற்பட்ட இனங்கள். அதில் பெரும்பாலானவை மரமும் புதருமாக நிற்க, இது தரையில் ஊர்ந்துகொண்டு வல்லாரை வேடத்தில் இருப்பதால்தான் எல்லோரும் குழம்புகிறார்கள்.

எப்படிப் பிரித்தறிவது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் குழப்பம் உங்கள் தோட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

வல்லாரையின் ஓடுதண்டில், அதாவது தரையில் ஊர்ந்து படரும் தண்டில், ஒரு கணுவைப் பிடித்துப் பாருங்கள். அங்கே இலைகள் ஒரே இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும். ஜோடி என்று எதையும் பிரிக்க முடியாது. இலையின் விளிம்பு முழுக்கப் பல் வெட்டு. பூ இருப்பதே பலருக்குத் தெரியாது. இலைக்குக் கீழே, மண்ணை ஒட்டி, செம்மை கலந்த மிகச் சிறிய பூக்கள் மூன்று நான்கு ஒன்றாக இருக்கும். காய் பக்கவாட்டில் தட்டையாக, காய்ந்தால் இரண்டாகப் பிரியும். அது கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம் அல்லவா, அந்தக் காயின் சாயல் அதில் தெரியும். சதைப் பிடிப்புள்ள சிவப்புப் பழம் வல்லாரையில் ஒருபோதும் வராது.

உங்கள் செடியில் எல்லாமே மாறி இருக்கிறது. எதிரெதிர் இலைகள், வெட்டில்லாத விளிம்பு, குழாய் வடிவ வெள்ளைப் பூ, சிவப்புப் பழம். பழத்தின் உச்சியில் நீங்கள் பார்த்தது பூவின் புல்லி இதழ்கள். இந்தக் குடும்பத்தில் சூலகம் பூவுக்குக் கீழே இருப்பதால், பழமான பிறகும் புல்லி தலையில் ஒட்டிக்கொண்டே நிற்கும். பழத்தைப் பிளந்தால் உள்ளே இரண்டு விதைகள் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. காப்பிக்கொட்டையைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

இன்னும் ஒரு அடையாளம் பாக்கி இருக்கிறது. எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே, தண்டின் மேல் மிகச் சிறிய செதில் ஒன்று இருக்கும். இலையடிச் செதில் என்போம். அது காம்போடு ஒட்டாமல் இரண்டு காம்புகளுக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். பூவும் பழமும் இல்லாத மாதங்களில் இதுவும் இலை ஜோடியும்தான் கைகொடுக்கும்.

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கீரையாகச் சாப்பிட வேண்டாம். நஞ்சு என்று நான் சொல்லவரவில்லை. வல்லாரை என்று நம்பி வேறொரு குடும்பத்துச் செடியை ஒரு குடும்பமே சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான்.

பச்சிலை எழுதியது:

சார் சொன்ன அடையாளம் எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். குமரி மாவட்டத்திலும் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தச் செடி தெரியாத செடி இல்லை. மலையாளத்தில் வல்லாரையை முத்தில், குடங்ஙல் என்பார்கள். இதை கரிமுத்தில் என்பார்கள். என் தாத்தா வைத்தியம் பார்த்தவர். அவர் இரண்டையும் வேறு வேறாகவே வைத்திருந்தார். ஆகவே காட்டு வல்லாரை என்று சொல்கிறவர்களை விஷயம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் வாயில் அது தனிச் செடியாகத்தான் இருக்கிறது.

வைத்தியத்தில் பயன்படுகிற செடியைத் தொடவே கூடாது என்பது போல எழுதினால், இருக்கிற அறிவும் போய்விடும் என்பது என் கவலை.

கணுவேர் எழுதியது:

பச்சிலை, உங்கள் கவலை நியாயமானது. உங்கள் தாத்தா இரண்டையும் பிரித்து வைத்திருந்தார் என்பதுதான் இங்கே முக்கியமான செய்தி. பிரித்தறியத் தெரிந்த கை எடுப்பது வேறு, துவையலுக்கு அரைக்கட்டுமா என்று கேட்கிற கை எடுப்பது வேறு. ஓடைக்கரை அம்மாவின் தோட்டத்தில் நடக்கவிருந்தது இரண்டாவது.

பழைய ஏடுகளிலும் இந்தச் செடி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ஹோர்ட்டூஸ் மலபாரிகூஸ் நூலில் கரிந்தகாளி என்ற பெயரில் படத்தோடு வருகிறது. அந்த நூலுக்குச் செடிகளைச் சொல்லித் தந்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். ஆக, இந்தக் காடுகளின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தனியாக அறிந்து வைத்திருந்தார்கள்.

தாவரவியலில்தான் வல்லாரைப் பக்கம் நெடுநாள் குழப்பம் இருந்தது. லின்னேயஸ் 1753-இல் வல்லாரையை ஹைட்ரோகோட்டைல் என்ற பேரினத்தில் வைத்தார். 1879-இல்தான் அது சென்டெல்லா ஆசியாட்டிகா ஆனது. இப்போது ஹைட்ரோகோட்டைல் பேரினமே வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. ஆனால் நர்சரிகளில் ஹைட்ரோகோட்டைலை வல்லாரை என்று சொல்லி விற்பது இன்னும் நிற்கவில்லை. வட்டமான, பளபளப்பான இலையின் நடுவில் காம்பு வந்து ஒட்டியிருந்தால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அலங்காரச் செடி, வல்லாரை இல்லை. வல்லாரையில் காம்பு இலையின் பிளவில்தான் சேரும்.

நிழல்குடை எழுதியது:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நான் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறேன். பால்கனியில் வடக்குப் பார்த்த நிழல். இந்தச் செடியைத் தொட்டியில் வளர்க்க முடியுமா? அடுத்த மாதம் குற்றாலம் போகிறோம். அங்கே மலையில் கிடைத்தால் ஒரு கைப்பிடி எடுத்து வரலாமா?

ஆனைமலை நடை எழுதியது:

காட்டிலிருந்து எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காப்புக் காட்டில் செடி பிடுங்குவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். குற்றாலத்து மலைப்பகுதி பெரும்பாலும் வனத்துறையின் கையில்தான் இருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எடுத்துவந்தாலும் சென்னையில் அது பிழைக்கப் படும் பாட்டைச் சொல்கிறேன். நிழல் என்றால் எல்லா நிழலும் ஒன்றில்லை. பசுமைமாறாக் காட்டில் மர உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வருகிறது. அந்தக் கொஞ்ச ஒளியிலும் பெரும்பகுதி, காற்றில் கிளை விலகும்போது சில விநாடிகளோ நிமிடங்களோ வந்துபோகும் ஒளிப்பொட்டுகளாகத்தான் கிடைக்கிறது. தரையில் வாழும் செடி அந்த நேரத்துக்குள் தன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். இலை மெல்லியது, படுத்த வாக்கில் விரிந்தது, நீண்ட காம்பில் நிற்பது. காம்பை நீட்டியும் குறுக்கியும் ஒரு இலை இன்னொன்றை மறைக்காமல் அமைத்துக்கொள்ளும். இப்படி அமைந்த இலைக்கு நேர் வெயில் ஒரு மதியம் பட்டாலே கருகிவிடும்.

அப்புறம் ஈரம். காட்டுத் தரையில் காற்றே ஈரமாக இருக்கும். சருகு மெத்தை மண்ணிலிருந்து ஆவி போகாமல் மூடி வைக்கும். சென்னை பால்கனியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மே மாதக் காற்று இலையிலிருந்து உறிஞ்சிவிடும். வேரில் தண்ணீர், இலையில் வறட்சி. நிழல்குடை, உங்கள் வடக்குப் பால்கனிக்கு நல்ல நாற்றங்காலிலிருந்து வல்லாரையே வாங்கி வையுங்கள். அது வயல் வரப்பில் ஓரளவு வெயிலையும் தாங்கிப் பழகிய செடி, துவையலுக்கும் ஆகும்.

நிழல்குடை எழுதியது:

புரிந்தது, எடுக்கமாட்டேன். பார்த்துப் படம் மட்டும் எடுத்து வருகிறேன்.

தெற்குமலை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். இந்தச் செடி அபூர்வமானது இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் உரியதும் இல்லை. ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா என்று வெப்பமண்டலம் முழுக்க இருக்கிறது. கேரளத்தில் காவு என்கிற கோயில் காடுகளிலும் பழைய தோட்டங்களிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். அப்படிப்பட்ட செடிக்காக ஒரு குடும்பம் இரண்டு வரிசை ரப்பரை ஏன் விட வேண்டும்? ரப்பர் விவசாயிக்கு வருமானம் என்ன கொட்டியா கிடக்கிறது? காப்பாற்ற வேண்டும் என்றால் அபூர்வமானதைக் காப்பாற்றுவோம்.

கணுவேர் எழுதியது:

தெற்குமலை சொன்ன தகவல் சரியானது. இது அழிவின் விளிம்பில் நிற்கும் செடி இல்லை. ஆகவே ஓடைக்கரை அம்மா தம்பியிடம் போய் இது அபூர்வச் செடி என்று சொல்லக் கூடாது. அது உண்மையில்லை, நாளைக்கு அவர் வேறு யாரிடமாவது கேட்டால் உங்கள் மற்ற பேச்சும் எடுபடாமல் போய்விடும்.

ஆனால் உலகத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இந்த ஓடைக்கரையில் ஏன் இருக்கிறது என்பது வேறு கேள்வி. நான் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். இந்தச் செடி நிற்கிற இடத்தில் சில விஷயங்கள் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். மேலே மூடிய மரநிழல், மிதிபட்டு இறுகாத மண், வருடம் முழுக்கக் கலையாத சருகு, வறண்டுபோகாத ஈரம். இவற்றில் ஒன்று போனாலும் முதலில் காணாமல் போவது தரைச்செடிகள். மரத்துக்கு ஆழமான வேர் இருக்கிறது, ஒன்றிரண்டு கெட்ட கோடையைத் தாண்டிவிடும். இதன் வேர் சருகுக்கு அடியில் சில அங்குலம்தான்.

ஆக, இங்கே விட்டுவைக்கச் சொல்வது செடியை அல்ல. அந்த மண்ணையும் நிழலையும்தான். அவை அங்கே நல்ல நிலையில் இருக்கின்றன என்பதற்கு இந்தச் செடி சாட்சி. ஓடைக்குத் தண்ணீர் கோடையிலும் வருகிறதா என்று அம்மா சொல்லவில்லை. வருகிறது என்றால் அதற்கும் அந்த மண்ணுக்கும் தொடர்பு உண்டு.

ஓடைக்கரை எழுதியது:

வருகிறது சார். சித்திரையில் மெலிந்துவிடும், ஆனால் நிற்காது. எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்வதால் ஈரம் நெடுநாள் இருக்கும். பக்கத்துத் தோட்டத்து ஓடை பங்குனியிலேயே வற்றிவிடுகிறது. அங்கே கரை வரைக்கும் வெட்டிவிட்டார்கள்.

தோட்டத்து ஆள் எழுதியது:

நான் கூடலூர்ப் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். களைக்கொல்லி விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்கள் தம்பிக்குப் பயன்படலாம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பல வருடம் கத்தியால் மட்டும் வெட்டினோம். இன்னொரு பகுதிக்கு ஆள் கிடைக்காமல் களைக்கொல்லி அடித்தோம். அடித்த பகுதியில் முதல் மழைக்குத் தரை மொட்டையாகப் பளபளவென்று இருந்தது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்த மழையில் மேல்மண் சிவப்பாகக் கரைந்து ஓடியது. அதன் பிறகு அங்கே வந்தது என்ன தெரியுமா? முன்பு இருந்த சின்னச் செடிகள் எதுவும் திரும்பவில்லை. வந்தது கம்யூனிஸ்ட் பச்சை, உண்ணிச்செடி, மைக்கேனியா கொடி. இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, மொட்டைத் தரையும் வெயிலும் கிடைத்தால் விடாது. பிறகு அதை ஒழிக்க மறுபடி மருந்து. செலவு குறையவே இல்லை.

கத்தியால் வெட்டிய பகுதியில் தரையோடு ஒட்டிய செடிகள் அப்படியே இருந்தன. கத்தி முழங்கால் உயரத்தில் போகிறது, ஊரும் செடிக்கு அது எட்டுவதில்லை. இவை காப்பிக்குப் போட்டியும் இல்லை. இரண்டு அங்குல உயரச் செடி காப்பியின் உணவைப் பெரிதாக என்ன பிடுங்கிவிடப்போகிறது? மண்ணை மூடி வைப்பதால் லாபம்தான். ரப்பர் தோட்டத்தில் மண் அரிப்பைத் தடுக்க நிலமூடிப் பயிர் என்று காசு கொடுத்து விதை வாங்கிப் போடுகிறோம். ஓடைக்கரையில் அது சும்மாவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிலமூடி வேண்டும் என்று சொல்லி யாராவது மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவைக் கொண்டுவந்து ஓடைக்கரையில் நட்டுவிடாதீர்கள். நர்சரியில் அழகாக இருக்கும், சீக்கிரம் படரும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதுவும் உண்டு. ஒரு ஓடையில் இறங்கிவிட்டால் தண்டுத் துண்டு தண்ணீரில் மிதந்து கீழே இருக்கிற எல்லாத் தோட்டத்துக்கும் போய்விடும்.

தெற்குமலை எழுதியது:

களைக்கொல்லி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சரி, ஒரு கேள்வி. இப்போது வெட்டிவிட்டு ரப்பர் வளர்ந்த பிறகு அங்கேயும் நிழல் வரத்தானே போகிறது? அப்போது இந்தச் செடி தானாகத் திரும்பி வராதா? ஓடுதண்டில் படரும் செடி என்றால் வேகமாகப் பரவுமே.

கணுவேர் எழுதியது:

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஓடுதண்டு என்பது இருக்கிற இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் வழி. கணுவுக்குக் கணு வேர் விட்டு நகரும். இரண்டு கணுவுக்கும் நடுவே தண்டு அறுந்துபோனாலும் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிழைக்கும். அறுபடாதவரை அவை ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளும். ஊர்ந்து படரும் செடிகள் பலவற்றில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கணு ஒளிப்பொட்டு விழும் இடத்தில் இருந்தால், இருட்டில் கிடக்கும் அடுத்த கணுவுக்கு அது தயாரித்த உணவு தண்டு வழியாகப் போகிறது. ஈரத்தில் இருக்கும் கணுவிலிருந்து காய்ந்த இடத்துக் கணுவுக்குத் தண்ணீர் போகிறது. காட்டுத் தரை ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு முழம் தள்ளினால் ஒளி வேறு, ஈரம் வேறு, ஒரு பாறை, ஒரு வேர். அப்படிப்பட்ட தரையில் ஒரே இடத்தில் நிற்கும் செடியைவிடப் பல இடத்தில் கால் ஊன்றிய செடிக்கு வசதி அதிகம். அம்மா ஓடைக்கரையில் ஒரு பாய் அளவுக்குப் பார்த்தது பல செடிகளாக இல்லாமல் ஒரே விதையிலிருந்து வந்த ஒரே செடியாகவும் இருக்கலாம்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. தொடர்ச்சியாக ஈரமும் நிழலும் இருக்கிற தரையில்தான் ஊர முடியும். நடுவில் வெயில் பட்ட ஒரு பத்தடி மொட்டைத் தரை இருந்தால் அதைத் தாண்ட ஓடுதண்டால் முடியாது. அப்போது விதைதான் போக வேண்டும். சிவப்புச் சதைப்பழம் என்பதால் பறவைகளை நம்பித்தான் விதை பயணம் போக வேண்டும். அந்தப் பறவை எங்கிருந்து எடுத்து வரும்? பக்கத்தில் ஏற்கெனவே இந்தச் செடி இருக்கிற ஒரு காவோ ஓடைக்கரையோ இருந்தால்தானே? பக்கத்துத் தோட்டத்தில் கரை வரை வெட்டிவிட்டார்கள் என்று அம்மா சொல்கிறார். ஆக, அந்தப் பகுதிக்கே விதைக்கான மூலம் இந்த ஓடைக்கரையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இதை எடுத்துவிட்டுத் திரும்பி வா என்றால் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, ரப்பர் நிழலும் அந்த நிழலும் ஒன்றில்லை. ரப்பர் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக இலை உதிர்க்கும் மரம். நம் பக்கம் அது கோடைக்கு முன்னால், மழை இல்லாத மாதங்களில் நடக்கிறது. தரைக்கு மிகவும் நிழல் தேவைப்படும் நேரத்தில் மேலே கூரை இருக்காது. அம்மாவின் தோட்டத்தில் ஓடைக்கரை மரங்களின் அடியில் மட்டும் இந்தச் செடி செழிப்பாக இருந்து, ரப்பர் வரிசைக்குள் போகப் போக மெலிகிறதா என்று பார்த்தால் தெரியும்.

ஓடைக்கரை எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் சார். ரப்பருக்குள் முதல் வரிசை வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. அதற்கு மேலே இல்லை.

பச்சிலை எழுதியது:

அக்கா, ஓடைக்கரையை விடுவது என்று முடிவானால் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வேலை செய்யும் அக்காக்களிடம் இரண்டு செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள். இலை ஜோடி, விளிம்பு, அவ்வளவு போதும். வல்லாரை வேண்டும் என்றால் வீட்டுப் பக்கம் நல்ல மண்ணில் ஒரு பாத்தி போட்டுவிடலாம். சாக்கடை ஓரத்திலும் ரோட்டோர ஓடையிலும் பறிப்பதைவிட அது எவ்வளவோ மேல். வல்லாரை மண்ணில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். எந்த மண்ணில் வளர்ந்தது என்று தெரியாமல் சாப்பிடக் கூடாத கீரை அது.

கரிமுத்திலை நாட்டு வைத்தியர் யாராவது கேட்டு வந்தால் முழுக்கப் பிடுங்கவிடாதீர்கள். வேரோடு இரண்டு கணு கொடுத்து அவர் இடத்திலேயே நிழலில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தாத்தா அப்படித்தான் செய்வார்.

ஓடைக்கரை எழுதியது:

கண்டிப்பாகச் செய்கிறேன் தம்பி. நேற்று இரவு என் தம்பியோடு உட்கார்ந்து பேசினேன். அபூர்வம் என்ற பேச்சே எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஓடை வற்றுவதையும் களைக்கொல்லி அடித்த பிறகு மருந்துச் செலவு ஏறுவதையும் சொன்னேன். ஓடை விஷயத்தில் யோசித்தான். இரண்டு வரிசையில் ஒன்றை விடச் சம்மதித்திருக்கிறான். இன்னொன்றை நட்டே தீர வேண்டும் என்கிறான். அந்த ஒரு வரிசையை நட்டால் ஓடைக்கரை தாங்குமா?

தோட்டத்து ஆள் எழுதியது:

தாங்கும், ஆனால் எப்படி நடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குழி எடுக்கும்போது ஜேசிபியை ஓடைப் பக்கம் வரவே விடாதீர்கள். சக்கரம் ஒருமுறை ஏறினால் அந்த ஈர மண் செங்கல் மாதிரி இறுகிவிடும், பிறகு பல மழைக்காலம் ஆனாலும் வேர் இறங்காது. ஆள் வைத்துக் குழி எடுங்கள். முறிக்கிற பழைய மரங்களை ஓடைப் பக்கம் சாய்க்காமல் மேட்டுப் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். மரம் எடுக்க வரும் குத்தகைக்காரரிடம் இதை முன்கூட்டியே பேசி, எழுதியும் வாங்கிவிடுங்கள். லாரியில் ஏற்றும் நாளில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனைமலை நடை எழுதியது:

அதோடு ஓரத்து மரங்களையும் கவனியுங்கள். பழைய ரப்பர் முறித்ததும் ஓடைக்கரைக்குப் பக்கவாட்டிலிருந்து வெயில் அடிக்கும். மேலே நிழல் இருந்தாலும் மாலை வெயில் சாய்வாக உள்ளே வரும், சூடான காற்றும் வரும். புதுக் கன்றுகள் உயர்ந்து அதை மறைக்கச் சில வருடம் ஆகும். அதுவரை ஓரத்தில் தானாக முளைத்திருக்கும் புதர்களையும் சின்ன மரக்கன்றுகளையும் வெட்டாமல் விட்டால் அவையே திரை. அங்கே என்ன புதர் இருக்கிறது என்று படம் போடுங்கள், உண்ணியும் கம்யூனிஸ்ட் பச்சையும் இருந்தால் அவற்றை மட்டும் கையால் பிடுங்கி எடுக்கலாம்.

சருகைக் கூட்ட வேண்டாம். அட்டை வருகிறது என்று சில தோட்டங்களில் ஓடைக்கரையைப் பெருக்கித் தீ வைப்பார்கள். ஒரு தீ போதும், சருகோடு அந்த வேர்களும் போய்விடும்.

கணுவேர் எழுதியது:

ஒரு வரிசை என்றால் முதல் வரிசைக்கும் கரை மரங்களின் நிழல் விளிம்புக்கும் நடுவே இடைவெளி விடும்படி கேட்டுப் பாருங்கள். இந்தச் செடி இப்போது எதுவரை ஊர்ந்திருக்கிறதோ அதுவரை குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். மண் எங்கே எப்படி இருக்கிறது என்பதை அளக்க வேறு கருவி தேவையில்லை, செடியே எல்லையைக் காட்டிவிட்டது. அந்தக் கயிற்றுக்கு உள்ளே குழி வேண்டாம், மருந்து வேண்டாம்.

முறிப்பதற்கு முன் ஒருமுறையும், அடுத்த தென்மேற்குப் பருவம் முடிந்ததும் ஒருமுறையும் அதே இடத்தில் நின்று படம் எடுத்து இங்கே போடுங்கள் அம்மா. கயிற்றுக்கு உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று பார்ப்போம். முடிந்தால் ஒரு படத்தில் கணுவை நெருக்கமாக, இரண்டு காம்புக்கும் நடுவே இருக்கும் அந்தச் செதில் தெரிகிற மாதிரி எடுங்கள். காலை வெளிச்சத்தில் இலையைப் பிடுங்காமல் லேசாகத் திருப்பிப் பிடித்தாலே தெரியும்.